பதினேழாம் கதவு

கொருக்குப்பேட்டை, கால்வாயோரம்.
போன மழைக்கு முன்னால்
நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தோம்:
ரவணம்மா நடக்கமாட்டாள், கட்டிலோடு தூக்கணும்.
பாஷா வீட்டில் லாரி டியூப் ஆறு.
ஜெபசிங் மகளின் இன்சுலினுக்கு
மீன்கார செல்வராணியின் ஐஸ் பெட்டி.
எந்த மாடிக்கு எத்தனை பேர்.

தண்ணீர் ராத்திரி இரண்டரைக்கு வந்தது.
அரசாங்கப் படகு மூன்றாம் நாள், கேமராவோடு.
அதற்குள் எல்லோரையும் எண்ணி முடித்திருந்தோம்.
ஒரு கோழிதான் குறைந்தது.

பொங்கல் கழிந்ததும் வாரியத்து ஆட்கள்.
கைரேகை மெஷின்.
சுவருக்குச் சுவர் சிவப்பு எண்.
முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடாம்,
"உங்க நல்லதுக்குத்தான்."
சார் சிரித்தபடி கேட்டார்:
"ஏதோ லிஸ்ட் இருக்காமே?
குடுத்தா எங்களுக்கு வேலை மிச்சம்."

"வெள்ளத்துல போச்சு சார்" என்றேன்.
நோட்டு என் இடுப்பில் இருந்தது,
வேர்வையில் நனைந்து.

அன்றிரவு பால்வாடிக் கதவைச் சாத்திவிட்டு
பக்கம் பக்கமாய் உரக்கப் படித்தோம்.
ஆளுக்கு ஐந்து கதவு, மனப்பாடம்.
பாஷா இரண்டு தடவை உளறினான்.
"தூக்கத்துல கேளு, சொல்றேன்" என்றான் பிறகு.
டீக்கு அடுப்பு பற்றியது அந்தத் தாளில்தான்.

எண்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.
வழக்கு வாய்தாவில்.
ஐப்பசி நெருங்குகிறது.
குழாயடியில் செல்வராணி,
குடத்திலிருந்து கண்ணெடுக்காமல்:
"பதினேழு?"
"ரவணம்மா. கட்டிலோடு."
"இரும்புக் கட்டில் மாத்திட்டாங்க.
இனி நாலு பேர் வேணும்."