ஒரு மணி நேரச் சான்றிதழ்

போடோ துறைமுகத்தைப் பார்த்தபடி
இரண்டாம் மாடியில் என் அறை.
கடிகாரம் நான் மட்டும் பார்க்கிற சுவரில்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
யார் கைக்கும் எட்டாத தூரத்தில் வைப்பேன்.
எழுந்து எடுப்பவர் யார்,
எடுத்து நீட்டுபவர் யார்,
பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆஸ்பியோர்னும் மாரித்தும் வந்தது
பேசுவதற்கு இல்லை.
பதினாறுக்குக் கீழே பிள்ளை இருந்தால்
பிரிவதற்கு முன் ஒரு மணி நேரம்
என்னைப் போன்ற ஒருத்தி எதிரே உட்கார வேண்டும்; சட்டம்.
உட்கார்ந்ததற்கு ஒரு சான்றிதழ்.
"அதைக் கொடுத்துவிடுங்கள், போதும்" என்றான்
கையுறையைக்கூடக் கழற்றாமல்.

தீரிலுக்கு ஒன்பது வயது.
ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் இவனிடம்.
பனிச்சறுக்குக் காலணி இரண்டு ஜோடி வாங்கிவிடலாம்.
இதில் சண்டையே இல்லை.
சண்டையெல்லாம் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள்.
அவள் அடுக்கியதை
அவன் திரும்ப அடுக்குகிறானாம்,
பதினோரு வருடமாக.
"கரண்டிகள் ஒட்டிக்கொள்கின்றன,
ஒட்டினால் அழுக்குப் போகாது."
"நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து
ராத்திரி இறங்கிப்போய் அடுக்குவான்,
சத்தம் வராமல்.
அந்தச் சத்தம் வராமல் இருப்பதுதான்
எனக்குக் கேட்கும்."

எழுதிக்கொண்டேன்.
அறுபது நிமிடம் முடிந்தது. கையொப்பம் போட்டேன்.
ஆறு மாதம் வரை செல்லும் என்றேன்.
பால் அட்டையில் தேதி சொல்வதுபோல் இருந்தது.
ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குள் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது.
தீவுக்குப் போகும் விரைவுப் படகு
இரண்டரைக்கு ரத்து. ஐந்தரைக்கும் ரத்து.
காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தார்கள்,
நடுவில் ஒரு நாற்காலி விட்டு,
அதன்மேல் இருவர் கோட்டும்.

எனக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.
ஓத்வார் தனியாக வருகிறவர்.
முதல் ஒன்பது வாரம்
வானிலையைத் தவிர வாய் திறக்கவில்லை.
இன்றைக்கு நிஜமாகவே புயல்,
அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அண்ணன் பெயரைச் சொன்னார்.
இரண்டு தடவை சொன்னார்.

பிறகு ஒரு குடும்பம். நான்கு பேர் என்றார்கள்,
ஐந்து பேர் வந்தார்கள்.
அம்மா பேசினாள், அம்மா பேசியதை அப்பா திருத்தினார்.
பதினைந்து வயதுக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே
"இந்த வீட்டில் நான் மொழிபெயர்ப்பாளர்" என்றாள்.
எல்லோருக்கும் ஒரே மொழிதான்.

அந்த ஐந்தாவது ஆளுக்காகத்தான்
காத்திருப்பு அறைக்கு நாற்காலி கேட்டுப் போனேன்.
நடுவில் இருந்ததைத் தந்தார்கள்.
மாரித் கோட்டுகளை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
இரண்டையும்.

நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன், த்ரோம்சோவில்;
இங்கே எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள்.
கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும்
எனக்கு மனப்பாடம். ஒன்றையும் கேட்கவில்லை.
அன்றைக்குப் புயல் இல்லை.
விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

ஆறு மணிக்குச் சமையல் மூலையில்
கோப்பை, தட்டு, கரண்டி எல்லாவற்றையும்
மாரித் இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னுடையதையும் ஓத்வாருடையதையும் சேர்த்து.
அவன் கதவோரம் நின்றான்,
கால்சட்டைப் பைக்குள் கைகள்.
வெளியே எடுக்கவில்லை.
எடுக்காமல் நிற்க அவன் பட்ட பாட்டை
அவள் பார்த்தாளா, தெரியாது.
அவள் முதுகைத்தான் நான் பார்த்தேன்.

காலையில் படகு இருக்கலாம் என்றார்கள்.
ஓட்டலில் ஓர் அறையா இரண்டா,
நான் கேட்கவில்லை; என் வேலை முடிந்துவிட்டது.
சான்றிதழை அவன் உள்சட்டைப் பையில் செருகினான்,
நனையாமல் இருக்க.

அவர்கள் போன பிறகு
இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன்.
கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன.
அப்படியே ஓடவிட்டு
விளக்கை அணைத்தேன்.