கட்டமில்லாத கேள்வி

ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடச் சொன்னது தாள்.
பேனாவைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்
ஓடிப்போய்விடும் என்பதுபோல.
ஓடிப்போகப் பார்த்தது நான்தான்.
ஸ்வான்சி மழையில் இரண்டு முறை
கிளினிக் வாசல்வரை வந்து திரும்பியிருந்தேன்.

டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், நானே தருகிறேன் என்றாள்
மெரெரிட் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ்.
காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள்.
விழுங்கியதும் படுத்துவிடாதீர்கள், தொண்டை புண்ணாகும்.
வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.
சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.
இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவில்லை.
யாருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள்.
இட்ரிஸ், என்றேன்.
மாத்திரை அட்டையை உறையிலிட்டு
அவள் ஒட்டும்வரை பொறுத்து
இன்னொரு பெயர்.
முதல் பெயரை எழுதிய அதே வேகத்தில்
அதையும் எழுதினாள்.

காத்திருந்த நேரம்: நான்கு.
மருந்து குறித்த விளக்கம்: ஐந்து.
அந்த வேகத்துக்குத் தாளில் கட்டமில்லை.
ஓரத்தில் ஏதோ எழுதத் தொடங்கினேன்,
கயிறு எட்டவில்லை.

இப்போது இரவு பதினொன்று.
மாத்திரை இறங்கிவிட்டது.
படுக்கக் கூடாதே என்று
அடுப்படியில் நிற்கிறேன், கையில் போன்.
இட்ரிஸுக்குச் சொல்லியாயிற்று.
இன்னும் இருபது நிமிடம்
நின்றுதான் ஆக வேண்டும்.