எதிர்க்கொம்பனி

கல்லடிப் பாலம் தாண்டி மூன்றாவது கடை.
ஷட்டர் கறள். உள்ளே
இருபத்தேழு கொம்பியூட்டர்கள்
வயிறு திறந்து கிடக்கின்றன.

எனக்கு இரண்டு கொம்பனியையும் தெரியும்,
விளம்பரத்தில் பார்த்தல்ல, விரலால்.
சிவப்புக்காரனின் சிப்பைக் கழற்றினால்
பின் ஒன்றாவது வளைந்துதான் வரும்.
பச்சைக்காரனுடையது மத்தியானம் இரண்டு மணிக்கு
ரொட்டி சுடலாம், அவ்வளவு சூடு.
எங்கள் வெயிலுக்குச் சிவப்புத்தான் தோது என்று
வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன்.
சொல்லிச் சொல்லி நானே நம்பி
பதினொன்று வாங்கினேன்.
சிப்பு அல்ல, பங்கு.

ஸ்காபரோவில் விமலநேசன் மச்சான்
தன்ர கணக்கில் எனக்காக வாங்கி வைத்தார்.
காசு, சீட்டுக் காசு.
முதல் மாதமே கழிவுக்கு எடுத்தது,
இன்னும் பதினாலு மாதம் கட்டவேண்டும்.

நாலு மாதம் ஏறியது.
நாலு மாதம் நான் கெட்டிக்காரன்.
சந்தையில் கொடுவா மீனை
விலை பேசாமல் வாங்கினேன்.
லோஜினி மட்டும் கேட்டாள்:
"ஏறுதெண்டா எங்க ஏறுது?
கையில தாங்க பாப்பம்."

பிறகு அந்த வியாழன்.
வாவியில் இறால் விளக்குகள் ஒவ்வொன்றாய்
இறங்குகிற ஏழு மணிக்குத்தான்
நியூயோர்க் கடை திறக்கிறது.
பச்சைக்காரன் மேடையேறி
நகத்தளவு ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.
பாதிச் சூடு என்றான். பாதிக் கரண்ட்.
இரண்டு மடங்கு வேகம்.
அங்கே கைதட்டினார்கள்.
இங்கே என் போனில்
சிவப்புக்காரன் முதன்முறையாக
உண்மையிலேயே சிவந்தான்.

நூற்றுக்குப் பதினாறு.
கண்ணைக் கசக்கிப் பார்த்தால் பத்தொன்பது.
அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது,
ரவுட்டரும் போனது, டேட்டாவும் முடிந்திருந்தது.
இருபத்து மூன்று நிமிடம்
இருட்டில் இருந்து நினைத்துக்கொண்டேன்
விலையும் அப்படியே நின்றிருக்குமென்று.

வெளிச்சம் வந்தபோது மச்சானின் வொய்ஸ் மெசேஜ்.
"வித்திடு" என்றார்.
"பொறு" என்றார்.
ஒரே மெசேஜில், ஒரே மூச்சில்.

சிப்பெல்லாம் மணலில் இருந்துதான் தொடங்குகிறதாம்.
கல்லடி மணல் என் செருப்புக்குள் நிறைய.
ஒருவரும் வந்து விலை கேட்டதில்லை.

காலையில் காத்தான்குடியில் இருந்து
ஹம்ஸியா ரீச்சர் வந்தா, மகனோடு.
மகனுக்கு ஒலுவில் கெம்பஸ்.
சோகேசில் நாலு லப்டொப், நாலும் சிவப்பு,
நேற்றிரவில் இருந்து நாலும் பழசு.
"எது நல்லம் தம்பி?
பொய் சொல்லாமச் சொல்லுங்க."

வெட்கக்கேடு, ஆனாலும் சொல்கிறேன்:
ரீச்சர் ஒன்றை வாங்கினால்
நியூயோர்க்கில் ஒரு புள்ளி ஏறுமென்று
அந்த ஒரு கணம் நம்பினேன்.
பெட்டியைக்கூட இறக்கிவிட்டேன்.
பொடியன் அதன் மூடியைத் தடவினான்,
தூசு விரலில் ஒட்டியது.

"ரெண்டு மாதம் பொறுங்க ரீச்சர்.
பச்சைக்காரன்ட புதுசு வருது.
அதான் நல்லம்."

ரீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.
விற்க விருப்பமில்லாத கடைக்காரனை
அவ முன்னம் கண்டிருக்க மாட்டா.
வந்ததற்கு ஒரு மவுஸ் வாங்கினா, அறுநூற்றைம்பது.
மிச்சக் காசுக்குப் பக்கத்துப் பார்மசிக்கு ஓடினேன்.

பின்னேரம் முழுக்க ஒரு பழைய சிப்பில்
வளைந்த பின்னை ஊசியால் நிமிர்த்தினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை,
வேறு எதையும் நினைக்கேலாது.
சீட்டுக்காரி திங்கள் வருவா.

ஏழு மணிக்குப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஏழு ஐந்துக்கு
நிமிர்த்தினேன்.