ஒன்பது கிராம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
கட்டணக் கழிப்பிடத்து மேசை என்னுடையது.
காலடியில் பினாயில், டிராவில் சில்லறை,
மடியில் ஒரு காந்தம்.

டீ ஃபேக்டரியில் தூளோடு வரும்
ஆணி, கம்பித்துண்டு, உடைந்த அரிவாள் நுனி
எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திய காந்தம்.
பிடி தளர்ந்ததென்று கழித்துப் போட்டதை
போஜன் கொண்டுவந்து தந்தான்,
ஏழெட்டுத் தடவை ஓசியில் உள்ளே போன கடனுக்கு.

டிராவுக்குள் விட்டுத் துழாவுவேன்.
ஒட்டிக்கொண்டு மேலே வருவது வெறும் காசு.
ஒட்டாமல் கிடக்கும் பாருங்கள், தடித்த பழைய ஐந்து
(மஞ்சள் ஐந்தும் ஒட்டாது, அதைச் சொல்லவில்லை)
அதற்குள் செம்பு, கொஞ்சம் நிக்கல்.
ஒன்பது கிராம்.
நகைக்கடைத் தராசில் போட்டுக் காட்டச் சொன்னேன்.
கடைக்காரர் காசைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

திருட்டு இல்லை.
ஒன்றை எடுத்தால் என் பர்சிலிருந்து
வேறு ஐந்தை வைத்தேன்.
காண்ட்ராக்டர் அந்தோணிராஜ் ராத்திரி எண்ணும்போது
ஒரு நாளும் கணக்கு உதைத்ததில்லை.
எடைதான் குறைந்தது.
அவர் எண்ணுகிறவர், நிறுக்கிறவர் இல்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
இந்தக் காசு அந்த ஜாதி இல்லை.
இருந்தால் ஐந்து.
சிங்கமும் எழுத்தும் போய்
முகம் தெரியாமல் உருகினால் எட்டு.

பதினான்கு மாதம். முந்நூற்றைம்பத்தைந்து காசு.
ஒரு மஞ்சப்பையில்
பச்சைக் குழந்தை கனம்.

குஞ்சப்பனையில் பஸ் நின்றுவிட்டது.
பலாச்சுளை வாசத்துக்கு இறங்கிய யானை
ரோட்டை விட்டு நகரவில்லை.
எஞ்சினை அணைத்ததும் கண்டக்டருக்கு
எல்லோருடைய பாக்கியும் ஞாபகம் வந்தது.
"யாராச்சும் சில்லறை வெச்சிருக்கீங்களா?"
டிக்கெட் முதுகில் எழுதி எழுதி
அவர் பேனாவே தீர்ந்திருந்தது.
ஐந்து ரூபாய்க்காக ஒரு கிழவர்
யானையையும் மறந்து சண்டை போட்டார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
மூச்சு விட்டால்கூடக் கலகலக்கும் பை அது,
மூச்சை அடக்கிக்கொண்டு
யானையைப் பார்த்தேன்.
அது என் பையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில்
பழைய இரும்புக்கடை சையது பாய்
முதலில் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
"உருக்கினா உள்ள போடுவான், தெரியுமில்ல?"
தெரியும் என்றேன்.
தெரியும் என்று சொன்னதால்
கிலோவுக்கு ஐம்பது குறைத்தார்.
தொள்ளாயிரம்.
மூன்று இருநூறு காட்டியது தராசு.
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது.
நோட்டாக எண்ணி வைத்துவிட்டு
கல்லாவைத் தடவினார். முப்பது குறைந்தது.
"சில்லறை இல்லம்மா."

முந்நூற்றைம்பத்தைந்து காசு
எங்கள் நடுவே குவிந்து கிடந்தது.

"இதுலயே எடுத்துக்கோ" என்றார், "நாலு."
"ஆறு" என்றேன்.
"தராசுல ஏறினப்புறம் அது காசில்ல, செம்பு.
செம்புக் கணக்குக்கு நாலே ஜாஸ்தி."
"பஸ்ஸில் ஏறினால் திரும்பவும் காசு.
கண்டக்டர் செம்புக்கு டிக்கெட் கிழிப்பாரா?"
இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது.
டீ வந்தது. குடித்தோம்.
கடைசியில் ஐந்து எடுத்துக்கொண்டேன்,
எந்தக் கணக்கிலும் வராத ஐந்து.

சாயங்காலம் அதே பஸ், அதே கண்டக்டர்.
யானை போயிருந்தது,
ரோட்டில் பலாத்தோல் மட்டும்.
"சில்லறையாக் குடும்மா" என்றவர் கையில்
ஐந்தையும் வைத்தேன்.
நாலு, தோல்பைக்குள் விழுந்தது.
ஒன்றை மட்டும் பெருவிரலால் புரட்டினார்,
வருஷத்தைப் பார்த்தார்,
சுண்டிக் காதருகே கேட்டார்.

பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
தன்னிடமிருந்து வேறு ஐந்தை எடுத்து
தோல்பைக்குள் போட்டார்.