வெளிப்புறம்

நீலசந்திரா. ஞாயிறு.
லீஸ் வீடு. ஓனர் போனிலேயே சொல்லிவிட்டார்:
"பெயிண்ட் நீங்களே அடிச்சுக்குங்க,
கணக்குல கழிக்க மாட்டேன்."

நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள்,
ஃபேக்டரியில் கழித்த பனியன் துணி,
டர்ப்பன்டைன், ஒன்றரை அங்குல பிரஷ்,
அரை லிட்டர் தந்த வெள்ளை.
தேய்க்கத் தேய்க்கப் பழைய பிரவுன் தூளாகி
மூக்குத்திக்குள் போய் உட்கார்ந்தது.
சன்னலின் உட்பக்கம் முடிய மணி பதினொன்று.

வெளிப்பக்கம் பாக்கி.

எங்கள் சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவே
இரண்டடி. மேஸ்திரிக்கு அதுவே தாராளம்.
என் சன்னல் கதவும் எதிர் அடுப்படிக் கதவும்
ஒரே நேரத்தில் திறந்தால் முட்டிக்கொள்ளும்.
யாரும் பேசி வைத்ததில்லை:
காலையில் அவள், ஆறு மணிக்கு மேல் நான்
என்று மூன்று வருஷமாகக்
காற்றைப் பங்கிட்டு வருகிறோம்.

கம்பிக்குள் கையை விட்டேன்.
முழங்கையோடு நின்றுவிட்டது.

"நக்கோ நக்கோ" என்றது எதிர்ப்பக்கம்.
நாஸ்னீன். கையில் பாதி உரித்த வெங்காயம்.
"மாட்டிக்கும். இங்கேர்ந்து நான் அடிக்கறேன்."

தயிர் டப்பாவில் கொஞ்சம் ஊற்றி
கம்பி வழியே நீட்டினேன். வாங்கவில்லை.
"இந்தக் கலரா?
உள்ளே பாக்கறது நீங்க.
வெளியே பாக்கறது நான்தானே?
மூணு வருஷமா இந்தப் பிரவுனைப் பாத்துப் பாத்து
ரொட்டி தட்டறேன்."

பிரஷை டப்பா மேல் வைத்தேன்.
வாடகைச் சீட்டு என் பெயரில்.
கொக்கி என்னுடையது, பெயிண்ட் காசு என்னுடையது.
அந்த முகம் மட்டும்
ஒரு நாளும் என் பக்கம் திரும்பியதில்லை.

"என்ன கலர் வேணும்?"
"மாங்காத் தோல். பழுக்காதது.
பழுக்கவே போகாதது."

ஆஸ்டின் டவுன் கடையில்
கம்ப்யூட்டர் சொட்டுச் சொட்டாகக் கலந்த கால் லிட்டர்.
பிரஷைத் தோசைத் திருப்பியின் காம்போடு சேர்த்து
தையல் நூலால் இருபது சுற்று கட்டிக் கொடுத்தேன்.
கதவைச் சாத்தச் சொன்னாள்.

உள்ளே மத்தியான இருட்டு.
பலகைக்கு அந்தப் பக்கம்
நாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி
சளக், சளக்.

சாத்திய கதவிடம்தான் சில பேச்சு வரும் போல.
"ராத்திரி உங்க மெஷின் ஓடுது இல்ல..."

மன்னிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.
ஃபால்ஸ், ரவிக்கை, பள்ளிச் சீருடைக்கு ஓரம்,
சில நாள் ஒரு மணி, சில நாள் ஒன்றரை.

"...அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு.
ஊசி ஒடிஞ்சுதா, அப்படியே தூங்கிட்டாளான்னு."

சளக்.

நான் கொக்கியைப் பிடித்தபடியே நின்றேன்.

காய ஆறு மணி நேரம் என்று டப்பா சொன்னது.
சாயங்காலம் இரண்டு மாடி இறங்கி,
டேங்கர் லாரியின் குழாயைத் தாண்டி,
பால்காரன் சந்தைச் சுற்றி, இரண்டு மாடி ஏறினேன்.
இரண்டடி தள்ளியிருக்கும் வீட்டுக்கு
இவ்வளவு செருப்புத் தேய்கிறது.

அவள் அடுப்படியில் நின்று பார்த்தேன்.
பச்சை.
பலகை இடுக்கில் என் ட்யூப்லைட்
அணைக்க மறந்தது, கோடாகத் தெரிந்தது.
உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றுதான்
நானே நினைத்திருப்பேன்.

மேலே இடது மூலையில் உள்ளங்கை அளவுக்குப்
பிரவுன் அப்படியே இருந்தது.
"எட்டலை" என்றாள், டீயை நீட்டியபடி.

கண் தானாக எண்ணிவிட்டது:
வழிசல் மூன்று, திட்டு இரண்டு, விடுபட்டது ஒன்று.
வாரத்தில் ஆறு நாள்
சட்டை சட்டையாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் கண்.
பர்ஸில் இப்போதும் அரைத் தாள் கிடக்கிறது.

டீயில் இஞ்சி அதிகம்.
"பாஸ்" என்றேன்.
"க்யா?"
"ஒண்ணுமில்லை.
தோசைத் திருப்பி உங்ககிட்டயே இருக்கட்டும்."