செவ்வாய், 3:12

யார் வாங்கினார், என்ன வாங்கினார் என்பதெல்லாம்
என் திரைக்கு வருவதில்லை.
மணி வரும். சென்ட் வரும்.
"முழு யூரோவாக்கவா?" என்று கடை கேட்டதற்கு
எங்கோ ஒரு விரல் சரியென்று தொட்ட மிச்சம்.
0.05
0.41
0.20
எஸ்தோனியாவின் ஹீயுமா தீவில்
மீட்புப் படகு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.

சிறுதுளி பெருவெள்ளம் என்று
எங்கள் படகோட்டி உர்மெத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
போன நவம்பரில் படகின் அடித்தட்டு நிறைந்ததும்
துளித்துளியாகத்தான்.
பம்பு பழுது.
வாளியால் இறைத்துக்கொண்டே போய்
இரண்டு பின்லாந்துக்காரர்களையும் ஒரு நாயையும்
ஏற்றி வந்தார்.
நாய் கடித்தது.

பட்டியலில் ஒரு வரியை எனக்குத் தெரியும்.
செவ்வாய்தோறும் விடியுமுன், 3:12 வாக்கில்.
எப்போதும் 0.97, 0.98.
ஒரே ஒரு முறை 0.99.
யாரோ விலையின் வால் பார்த்துப் பொறுக்குகிறார்.
நான்கு யூரோ இரண்டு சென்ட்டுக்கு ஏதோ ஒன்று,
பதினோரு யூரோ மூன்று சென்ட்டுக்கு வேறொன்று.
ஒற்றைச் சென்ட்டில் முடியும் விலை தேடி
அன்று எத்தனை பக்கம் புரட்டினாரோ.
அவர் வீட்டில் இந்நேரம்
எத்தனை வடிகட்டி, எத்தனை ஷூ லேஸ்.

இரவுப்பணிச் செவிலி என்று ஒரு வாரம் நினைத்தேன்.
லாரி ஓட்டுகிறவர் என்று ஒரு வாரம்.
கடலுக்குப் போன ஒருவர் திரும்பாத வீடு
என்று நினைத்த வாரம்
அந்த வரியை வேகமாக உருட்டித் தாண்டினேன்.

பிப்ரவரியில் இரண்டாம் செவ்வாய் வரவில்லை.
மூன்றாவதும்.
நான்காவதும்.
3:12க்கு நேரே யாரோ போட்ட 0.06 நின்றது,
இன்னொருவர் நாற்காலியில்
தெரியாமல் உட்கார்ந்தவர் மாதிரி.

காலாண்டுக் கணக்கில் பதினான்கு யூரோ குறைந்திருந்தது.
அதில் இரண்டு யூரோ தொண்ணூற்று நான்கு சென்ட்
எது என்று எனக்குத் தெரியும்.
'காரணம்' என்ற கட்டத்தில்
எதையோ எழுதினேன், அழித்தேன்.
தணிக்கையாளர் மர்யு ஒரே சொல்லில் முடித்தார்:
புறக்கணிக்கத்தக்கது.

ஏப்ரலில் பம்பு வாங்க உட்கார்ந்தோம்.
உர்மெத் முழங்கால்வரை காலணியோடு
என் அலுவலறைத் தரையெல்லாம் சேறு.
அறுநூற்றுப் பத்து யூரோ மூன்று சென்ட்.
கடை கேட்டது:
முழு யூரோவாக்கவா?
"நம்ம காசை நமக்கேவா?" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமைதான்.
பட்டப்பகல்.
தொட்டேன்.