பாதி வெளிச்சம்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு இருபதுக்கு
செம்பனை மட்டை ஒன்று கம்பத்துக் கம்பியில் விழுந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
இடி இல்லை. மழைகூட அன்றைக்குத்
துரோலாக் பக்கமே நின்றுவிட்டது.

முதலில் மின்விசிறிக்கு வெறி பிடித்தது.
பிறகு கூடத்து விளக்கு
நாங்கள் ஒருநாளும் காசு கொடுத்து வாங்காத
ஒரு வெளிச்சத்தைத் தந்தது.
பெயிண்ட் அடித்தவன் சுவரோடு ஒட்டிவிட்டுப் போன தூரிகை முடி,
இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்க்காத
தனபாலன் காதோரத்து மரு,
எல்லாம் தெரிந்தது மூன்று வினாடி.
அப்புறம் டப்.

ஆ செங் ஏணியோடு வந்தான்.
தோட்டத்து லயத்தில் பிறந்தவன்; அவன் தமிழுக்கு என் தமிழைவிடக் காரம் அதிகம்.
"நடுக்கம்பி அறுந்துபோச்சுக்கா.
அது போனா யாருக்கு எவ்வளவுன்னு
கரண்டுக்கே தெரியாது."
பக்கத்து வீட்டு செலினாவின் விளக்கு
அந்த நேரம் மெழுகுவத்தியாய் மங்கியதாம்.
அவள் பங்கையும் சேர்த்துக் குடித்துத்தான்
எங்கள் வீடு வெந்திருக்கிறது.

மனு பாரத்தில் ஆறே வரி.
டிவி. டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டி.
வைஃபை. துணி மிஷினின் மூளை.
ஐஸ்பெட்டி (பாதி செத்தது, மேல் தட்டு மட்டும் குளிர்கிறது).
ரசீது வேண்டும் என்றார்கள்.
மைலோ டின்னில் பத்திரமாய் வைத்திருந்தேன்.
வெக்கையில் எழுத்தெல்லாம் ஆவியாகி
பதினான்கு வெள்ளைத் தாள்கள்.
அதையும் கொண்டுபோய் நீட்டினேன்.

ஆறாவது வரி: டிம்மர் சுவிட்ச், ஒன்று.
கவுண்டர் பெண் சிரித்துவிட்டாள்.
"முப்பத்தஞ்சு வெள்ளி சாமான்க்கா, இதையுமா எழுதணும்?"

எழுதணும்.
பாய்லர் வெடித்த ராத்திரிக்குப் பிறகு
இருட்டில் தூக்கம் வராது அவருக்கு.
வெளிச்சத்தில் தூக்கம் வராது எனக்கு, பிறந்ததிலிருந்து.
அறையில் புழுக்கம். இருவருக்கும் கூடம்தான்.
ஜொகூருக்கு வேலைக்குப் போகும் முந்தின நாள்
மகள்தான் அதை மாட்டச் சொன்னாள்,
குமிழ் ஓரத்தில் மார்க்கர் பேனாவால்
ஒரு கோடும் போட்டாள்.
"அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம்.
யாரும் இதைத் தாண்டக்கூடாது."
நாலு வருஷம் தாண்டவில்லை.

கோடு போட்ட அந்தக் குமிழ் உருகி
இப்போது கருவாட்டு நாற்றம் அடிக்கிறது.

ஈப்போவிலிருந்து புதுசு வரும்வரை
சாதா சுவிட்ச் போட்டுவிட்டுப் போனான் ஆ செங்.
போட்டால் முழுசு, அணைத்தால் ஒன்றுமில்லை.
முதல் ராத்திரி அவர் போட, நான் அணைக்க,
ஒன்பது தடவை.
இரண்டாம் ராத்திரி பேச்சு வார்த்தை இல்லை, டக் டக் மட்டும்.
மூன்றாம் ராத்திரி அவர் வாசலில் தெருவிளக்குக்குக் கீழே
நாற்காலி போட்டு உட்கார்ந்தே தூங்கினார்.
கொசு.
நான் உள்ளே, நான் கேட்ட இருட்டில்,
கண்ணைத் திறந்துகொண்டு.

புதுக் குமிழ் வியாழக்கிழமை வந்தது.
பல்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை,
குறைத்தால் வண்டு மாதிரி ரீங்காரம், கண் சிமிட்டல்.
பல்பையும் மாற்று என்றான். மாற்றினோம். இன்னும் பதினெட்டு வெள்ளி.
வழுவழுவென்று ஒரு குமிழ்.
கோடு கிடையாது.

அன்று ராத்திரி அவர் திருப்பினார்,
நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
குறைந்தது. இன்னும் குறைந்தது.
போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்,
அவர் அதையும் தாண்டிக்
கொஞ்சம் இருட்டுக்குள் போய் நின்றிருந்தார்.

எழுந்துபோய் ஒரு மயிரிழை ஏற்றிவிட்டு வந்தேன்.
பேனாவை இருவருமே தேடவில்லை.

துணி மிஷினின் மூளை இன்னும் வரவில்லை.
கையால்தான் துவைக்கிறேன்.